டிரம் ஏறவில்லை: பழைய வண்டியின் பின்பிரேக் அளவைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரே ஒரு பிரேக் ஷூ செட்டுக்காக ராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் மூன்று தடவை அலைந்திருக்கிறேன். சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம் டிரம்; அதன் உட்சுவரில் உரசி வண்டியை நிறுத்தும் பிறைத் துண்டுகள் ஷூ. முதல் தடவை வண்டியின் பெயரை மட்டும் சொன்னேன்; கிடைத்த ஷூ அகலம் கூடுதலாக இருந்தது. இரண்டாம் தடவை வருடத்தையும் சேர்த்துச் சொன்னேன். அது டிரம்முக்குள் தொட்டில் போல ஆடியது. மூன்றாம் தடவை ஆர்.சி. புத்தகத்தையே எடுத்துக்கொண்டு கீழக்கரைக்குப் போனேன். கடையில் இருந்த காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “புத்தகத்துக்கா தம்பி பிரேக் போடப் போகிறீர்கள்? டிரம்மைக் கழற்றிக் கொண்டு வாருங்கள்” என்றார்.

அந்தக் கிண்டலில் நியாயம் இருந்தது. இந்தக் கடற்கரையில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றுக்குக் காகிதத்தில் ஒரு பிறப்பு, பட்டறையில் மறுபிறப்பு. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கும் வரைக்கும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஜீப்பும் வேனும் மணலிலும் கடல்நீரிலும் இறங்கித்தான் போய் வந்தன. நாள்தோறும் உப்புநீரில் குளித்த பின், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்ஸில் எத்தனை வருடம் தாங்கும்? துரு தின்றதும் பழைய இரும்புக் கடையில் கிடைத்த வேறோர் ஆக்ஸிலை மாட்டி ஓட்டினார்கள். ஆக்ஸில் மாறினால் டிரம் மாறும், ஷூ மாறும், மிதியை மிதித்ததும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் மாறும். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறாது. நான் வாங்கிய வண்டியும் அந்த மணலில் ஓடியதுதான். விற்றவர் சீட் உறை புதிது என்று இரண்டு தடவை சொன்னார். ஆக்ஸில் வேறு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆக்ஸில் மாறாத வண்டியிலும் பெயரை நம்ப முடியாது. பழைய வில்லிஸ் ஜீப்பில் 9 அங்குல டிரம். அதே வம்சத்தில் பின்னால் வந்த ஜீப்புகளில் 10 அங்குலமும் 11 அங்குலமும் வந்தன. அமெரிக்காவில் ஓடிய ஜீப் செரோக்கியில் கதை தலைகீழ். 1980களின் வண்டிகளில் 10 அங்குல டிரம் இருந்தது. 1990களில் அது 9 அங்குலமாகச் சுருங்கி, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசுபட்டையான லைனிங் அகலமானது. வண்டி புதிதானால் டிரம்மும் பெரிதாகும் என்று நினைத்து வாங்குகிறவர் அங்கேயே ஏமாந்துபோவார். நம் பக்கம் ஓடும் சுமோ, குவாலிஸ், பொலேரோ, ஸ்கார்பியோ எல்லாவற்றிலும் வழக்கமாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். எந்த வண்டியானாலும் கடையில் சொல்ல வேண்டியது நான்கு எண்கள்: டிரம்மின் உள்விட்டம், லைனிங்கின் அகலம், வீல் சிலிண்டரின் துளை, வீல் போல்ட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டமும்.

இனி அறிகுறி வாரியாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நம் வீட்டு முற்றங்கள் மணல். ஜாக்கி ஏறுவதற்குப் பதில் மண்ணுக்குள் இறங்கும். அடியில் கனமான பலகை போடுங்கள், தூக்கிய பிறகு ஆக்ஸிலுக்கு முட்டு கொடுங்கள். டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும் என்பதால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

டிரம் கழலவே மாட்டேன் என்கிறது

அளவெடுக்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தும் சிக்கல் இது. காரணம் இரண்டில் ஒன்று. டிரம்மின் நடுத்துளை, சக்கரம் பூட்டும் நடுப்பகுதியான ஹப்போடு துருவால் ஒட்டியிருக்கும். அல்லது தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் ஏற்பட்ட மேட்டில் ஷூ மாட்டியிருக்கும்.

டிரம்மை அசைத்துப் பாருங்கள். துளியும் அசையாவிட்டால் துரு. நடுத்துளையைச் சுற்றித் துரு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் பொறுத்திருங்கள். டிரம்மின் முகத்தில் மரையுள்ள சிறிய துளைகள் இரண்டு இருந்தால், அவற்றில் பொருத்தமான போல்ட்டைப் போட்டு மாறி மாறிச் சமமாக முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். சுத்தியலால் அடிப்பதானால் போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தட்டையான முகத்தில் அடியுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். அந்த விரிசலுக்கு எந்த அளவும் பொருந்தாது.

சற்று வெளியே வந்து நடுவில் மாட்டிக்கொண்டால் மேடுதான். பின்தட்டில் உள்ள நீள்துளை வழியாகத் திருப்புளியை விட்டு, ஷூக்களை விரித்துச் சுருக்கும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் தளர்த்தி, ஷூக்களை உள்ளே இழுக்க வேண்டும். ஆக்ஸில் முனையில் பெரிய நட்டும் சாவிக்கட்டையும் உள்ள பழைய ஜீப் வகையில் ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வரும். அதற்கு, இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்று மறந்தால், மறுபக்கம் உங்களுக்கு வரைபடம்.

டிரம்மில் எண் இருக்கிறது, ஆனால் அந்த அளவில் ஷூவே இல்லை என்கிறார்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். என் டிரம்மில் 256 என்று வார்த்திருந்தது. மூன்று கடைகளில் 256 மில்லி ஷூ கேட்டேன். நான்காவது கடையில்தான் சொன்னார்கள், அந்த எண் டிரம்மின் அளவு இல்லை, அதன் ஆயுள் என்று.

டிரம்மில் ‘மேக்ஸ் டயா’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் போட்டிருக்கும் எண், டிரம் தேய்ந்து தேய்ந்து எந்த உள்விட்டம் வரை போகலாம் என்பதைச் சொல்வது. அதைத் தாண்டினால் டிரம் பழைய இரும்பு. புதிதாக வந்தபோது இருந்த அளவு அதைவிட வழக்கமாக ஒன்றரை முதல் இரண்டு மில்லி குறைவு. ஆக 256 என்று வார்த்த டிரம் 254 மில்லி டிரம். அதாவது 10 அங்குலம். அங்குலக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: 9 அங்குலம் 228.6 மில்லி, 10 அங்குலம் 254 மில்லி, 11 அங்குலம் 279.4 மில்லி. வார்த்த எண்ணுக்குச் சற்றுக் கீழே இவற்றில் ஒன்றோ, 280 போன்ற முழு மில்லி எண்ணோ இருக்கும்.

எண்ணே தெரியாத அளவுக்குத் துரு மூடியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணக்கட்டியோ கொஞ்சம் விபூதியோ பூசித் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பும். எண் மேடாக வார்க்கப்பட்டிருந்தால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலே போதும். உப்பு தின்ற டிரம்மில் இரண்டுமே பலிக்காமல் போகலாம். அப்போது அளந்துதான் ஆக வேண்டும்.

பட்டறைகளில் இருக்கும் சாதாரண வெர்னியர் 150 மில்லி வரைதான் திறக்கும். டேப்பால் அளப்பதானால் அதன் முனைக்கொக்கியை நம்பாதீர்கள், அது ஆடும். 10 சென்டிமீட்டர் கோட்டை ஒரு விளிம்பில் வைத்து, எதிர்விளிம்பு எண்ணைப் படித்து, 100 மில்லியைக் கழியுங்கள். டேப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தினால் கிடைக்கும் எண்களில் மிகப் பெரியதுதான் விட்டம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் மூங்கில் பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நூலால் இறுகக் கட்டி, டிரம்முக்குள் நீட்டி, இரு முனைகளும் சுவரைத் தொடும்வரை விரியுங்கள். அப்படியே வெளியே எடுத்து இரும்பு அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் இப்படித்தான் அளப்பார். அவர் கணக்கில் இன்றும் மில்லி கிடையாது, எட்டு நூல் ஓர் அங்குலம். ‘இரண்டு அங்குலம் இரண்டு நூல்’ என்று அவர் லைனிங் அகலத்தைச் சொன்னால் 57 மில்லி என்று எழுதிக்கொள்ளலாம். தப்பாது.

ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். ஷூ உரசாத வெளிவிளிம்பில் ஓர் அளவு, ஷூ தேய்த்த பளபளப்பான தடத்தில் ஓர் அளவு, அதே தடத்தில் குறுக்கே திருப்பி இன்னோர் அளவு. விளிம்பளவு டிரம்மின் பிறப்பு அளவுக்கு நெருக்கமாக இருக்கும்; அங்கே உள்ள துருவை முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். தடத்தளவு தேய்மானத்தைச் சொல்லும். குறுக்களவு வேறுபட்டால் டிரம் கோணியிருக்கிறது.

280 மில்லியும் 11 அங்குலமும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் 0.6 மில்லிதான். தேய்ந்த டிரம்மில் அளவுகோல் கொண்டு இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே வார்த்த எண்ணும் ஷூவின் அகலமும்தான் சாட்சி.

புது ஷூ போட்டதும் டிரம் ஏறவில்லை

இதைக் கண்டதும் ‘ஷூ தப்பு’ என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓடாதீர்கள். பாதி நேரம் ஷூவில் பிழை இருக்காது.

முதலில் அட்ஜஸ்டரை முழுவதும் உள்ளே சுருக்கினீர்களா என்று பாருங்கள். தேய்ந்த ஷூவுக்காக நீண்டிருந்த அட்ஜஸ்டரை அப்படியே விட்டுப் புது ஷூ போட்டால் எந்த டிரம்மும் ஏறாது. அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிள். கடற்காற்றில் உறைக்குள் துருவேறிய கேபிள் லீவரைத் தளர்த்தினாலும் திரும்பி வராது. ஷூவோடு சேர்ந்த சிறிய நெம்புகோல் முழுவதும் பின்னே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். மூன்றாவதாக, ஷூவின் முனைகள் மேலேயும் கீழேயும் அவற்றின் பள்ளத்தில் சரியாக அமர்ந்திருக்க வேண்டும். ஒரு முனை பள்ளத்தின் தோளில் ஏறி நின்றால் அதுவே மூன்று நான்கு மில்லியைத் தின்றுவிடும்.

இவை எல்லாம் சரி, இன்னும் ஏறவில்லை என்றால் ஷூவைக் கழற்றி வெறுங்கையால் டிரம்முக்குள் வைத்துப் பாருங்கள். பைசா செலவில்லாத இந்தச் சோதனை சொல்வதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது. லைனிங்கின் நடுப்பகுதி டிரம்மைத் தொட்டு, இரு முனைகளிலும் இடைவெளி இருந்து, ஷூ தொட்டிலாக ஆடினால் அது டிரம்மைவிடச் சிறிய வட்டத்துக்கு வெட்டிய ஷூ. இரு முனைகளும் தொட்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தால் பெரிய டிரம்முக்கான ஷூ. ஏற மறுப்பது பெரும்பாலும் இதுதான். புது ஷூவும் சற்றே தேய்ந்த டிரம்மும் சேரும்போது முனைகளில் மயிரிழை இடைவெளி இருப்பது இயல்பு. அது ஓடும்போது படிந்துவிடும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

சில நேரம் ஷூ சரியான வட்டமாகவே இருக்கும், லைனிங் மட்டும் தடிமனாக ஒட்டியிருப்பார்கள். லேத்தில் கடைந்து பெரிதான டிரம்முக்காகத் தடித்த லைனிங் போடுவது பழைய பட்டறை வழக்கம். அது உங்கள் கடையாத டிரம்மில் ஏறாது. பழைய ஷூவின் இரும்புத் தகட்டோடு புதியதன் தகட்டை முதுகோடு முதுகாக ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். இரும்பு வளைவு ஒன்றாக இருந்து லைனிங் மட்டும் தடித்திருந்தால் குற்றம் லைனிங்குடையது.

டிரம் கையில் இல்லை, பழைய ஷூ மட்டும்தான் இருக்கிறது என்றாலும் விட்டத்தைக் கண்டுபிடிக்கலாம். ஓடித் தேய்ந்த ஷூ, டிரம்மின் வளைவை அச்செடுத்தாற்போலத் தன் மேல் வாங்கியிருக்கும். 180 மில்லி நீளத்துக்கு வெட்டிய நேர்ச்சட்டத்தின் இரு முனைகளும் லைனிங் வளைவின் ஓரக்கோட்டில் விழுமாறு பக்கவாட்டில் பிடியுங்கள். சட்டத்திலிருந்து வளைவின் உச்சிவரை உள்ள உயரத்தை அளவுங்கள். 180இன் பாதி 90. 90ஐ 90ஆல் பெருக்கினால் 8100. இந்த 8100ஐ நீங்கள் அளந்த உயரத்தால் வகுத்து, விடையோடு அதே உயரத்தைக் கூட்டுங்கள். வருவதுதான் விட்டம். உயரம் 33 என்றால் ஏறத்தாழ 278. அது 11 அங்குல டிரம். 37.5 என்றால் 253.5, அது 10 அங்குலம். 44 என்றால் 228. அது 9 அங்குலம். ஒரு மில்லி தவறாக அளந்தாலும் 10ஐயும் 11ஐயும் குழப்ப வாய்ப்பில்லை, ஏனென்றால் உயரத்தில் நாலரை மில்லி வித்தியாசம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வட்டமும் நாணும் படித்தபோது இது எதற்கு உதவப்போகிறது என்று நினைத்தவன் நான். ஷூ ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பிசகும். மறு ஷூவையும் அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

டிரம் ஏறியது, ஆனால் ஹப்போடு ஒட்டாமல் நிற்கிறது

டிரம்மைக் கையால் தள்ளினாலே அதன் முகம் ஹப்பின் முகத்தோடு படிய வேண்டும். இரண்டு மில்லி இடைவெளி இருக்கிறது, வீல் நட்டை முடுக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நட்டின் வலுவில் அது படியும். கூடவே ஷூவின் ஓரம் டிரம்மின் அடியில் போய் நசுங்கும். அகலம் கூடிய ஷூவின் வேலை இது. கழற்றிப் பார்த்தால் லைனிங்கின் ஓரம் மட்டும் பளபளக்கும். என் முதல் பயணத்தில் கிடைத்த ஷூ இப்படித்தான் இருந்தது. சாயல்குடி போய்ச் சேர்வதற்குள் சக்கரம் கொதித்தது.

அகலம் குறைந்த ஷூ இப்படிச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்காது. வண்டி ஓடும், நிற்கவும் நிற்கும். சில மாதம் கழித்து டிரம்மைக் கழற்றினால் தேய்ந்த தடத்தின் பக்கத்தில் உரசப்படாத ஒரு துரு வளையம் விரல் அகலத்துக்கு நிற்கும். அந்த வளையத்தையும் சேர்த்து அளந்தால் ஷூ இருந்திருக்க வேண்டிய அகலம் கிடைக்கும்.

லைனிங்கின் அகலத்தை அளக்கும்போது லைனிங்கை மட்டும் அளவுங்கள், இரும்புத் தகட்டை இல்லை. சிலவற்றில் தகடு சற்று வெளியே நீண்டிருக்கும்.

மிதி ஆழமாக இறங்குகிறது, இரண்டு தடவை மிதித்தால்தான் நிற்கிறது

காற்று புகுந்திருக்கிறது என்று பிரேக் ஆயிலை மாற்றி மாற்றிப் பணத்தைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு சோதனை. வண்டி நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கை நான்கைந்து பல் இழுத்துவிட்டு மிதியை மிதியுங்கள். மிதி மேலேயே கெட்டியாக நின்றால் பின் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஹேண்ட் பிரேக் இழுத்தும் பஞ்சு போல இறங்கினால் காற்று, கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர். அது வேறு கதை.

இடைவெளி அதிகம் என்றால் மூன்று சாத்தியங்கள். டிரம் வார்த்த எல்லையைத் தாண்டித் தேய்ந்துவிட்டது. சிறிய டிரம்மின் ஷூ மாட்டியிருக்கிறது. அல்லது அட்ஜஸ்டர் உப்பில் உறைந்துபோய் வேலை செய்யவில்லை. அட்ஜஸ்டரின் மரையைப் பாருங்கள். புது ஷூ போட்டும் அது கடைசி மரை வரை நீண்டுதான் டிரம்மைத் தொடுகிறது என்றால் அளவுப் பிழை உறுதி. அப்படியே ஓட்டினால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து ஒரு நாள் ஆயிலைக் கக்கும். பாம்பன் பாலத்தின் நடுவில் அது நடக்க வேண்டாம்.

அட்ஜஸ்டர் குறித்து இன்னொன்று. பல வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் பூட்டினால் இறுக்க வேண்டியது நாள்தோறும் தளர்த்திக்கொண்டே போகும். சரியான அளவு ஷூவும் ஒரு வாரத்தில் தவறான அளவு போலத் தோன்றும்.

டிரம்மைக் கடைசல் கொடுப்பதாக இருந்தால், கடைந்த பிறகும் வார்த்த எண்ணுக்கு முக்கால் மில்லியாவது கீழே நிற்க வேண்டும். இனி வரப்போகும் தேய்மானத்துக்கும் இடம் வேண்டுமே. அதற்கு இடமில்லாத டிரம்மைக் கடையாதீர்கள். இரண்டு பக்க டிரம்மையும் சேர்த்து ஒரே அளவுக்குக் கடையச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கடைந்தால் அடுத்த அறிகுறி தயார்.

பிரேக் போட்டால் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுக்கிறது, அல்லது ஒரு சக்கரம் மட்டும் பூட்டிக்கொள்கிறது

இரண்டு பக்கத்தையும் அளவுங்கள். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இடதுபக்கம் அளந்து இரண்டு பக்கத்துக்கும் வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பக்கம் டிரம் மட்டும் எப்போதோ மாற்றப்பட்டிருக்கலாம், ஷூவில் லைனிங் வேறு ரகமாக இருக்கலாம்.

பெரும்பாலும் யாரும் பார்க்காதது வீல் சிலிண்டரின் துளை. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், போல்ட்டும் பொருந்தும். ஆனால் ஒன்றின் துளை முக்கால் அங்குலமாகவும், அதாவது 19 மில்லியாகவும், மற்றதன் துளை ஏழு நூலாகவும், அதாவது 22.2 மில்லியாகவும் இருந்தால், அதே மிதிக்கு இரண்டாவது சிலிண்டர் ஷூவைத் தள்ளும் விசை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். விட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது; பரப்பு வர்க்கமாகக் கூடுகிறது. சிலிண்டர் உடம்பில் துளையின் அளவு வார்த்திருக்கும். அது துருவில் போயிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் கப்பை எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் அளவு அச்சிட்டிருக்கும்.

அளவுகள் எல்லாம் இரு பக்கமும் சமம் என்றால் ஷூவை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடையோடு பிசுபிசுத்தால் ஆக்ஸில் சீல் வழியாகக் கியர் ஆயில் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கிறது. நனைந்த லைனிங்கை எரித்தோ மண்ணெண்ணெயில் கழுவியோ மீட்க முடியாது. சீலையும் ஷூவையும் சேர்த்தே மாற்றுங்கள். இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்தே சரியாகப் பிடிக்காவிட்டால், ஆக்ஸிலுக்கு மேலே நெம்புகோலோடு இருந்து, சுமைக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சுமை வால்வைப் பாருங்கள். கருவாட்டு மூட்டை ஏற்றுவதற்காக ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் இலை சேர்த்த வண்டிகளில் பின்பக்கம் உயர்ந்திருக்கும். வண்டி உயர்ந்தால் அந்த நெம்புகோலின் கோணமும் மாறும். சுமை எவ்வளவு என்ற கணக்கு அந்த வால்வுக்குத் தவறிவிடும். அது டிரம் அளவின் குற்றம் இல்லை.

ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை

ஷூவோடு சேர்ந்து வரும் நெம்புகோல் பழைய ஷூவில் இருந்ததுதானா என்று மட்டும் பாருங்கள். துளை ஒத்துப்போகிறது என்று வேறு அளவு ஷூவின் நெம்புகோலை மாட்டினால் கேபிள் இழுக்கும் தூரம் போதாது. மற்றபடி இந்தக் கரையில் ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்கு முதல் குற்றவாளி கேபிள்தான்.

டிரம் சரி, சக்கரம் உட்காரவில்லை

விட்டமும் அகலமும் பொருந்தி, போல்ட் வட்டம் பொருந்தாத டிரம்மும் உண்டு. ஐந்து போல்ட் உள்ளதில் ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து எதிரே உள்ளதன் நடுவுக்கு நேராக அளக்க முடியாது, ஏனென்றால் நேர் எதிரே போல்ட்டே கிடையாது. அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, 1.7ஆல் பெருக்குங்கள். வில்லிஸ் வகை ஜீப்புகளில் வரும் ஐந்தரை அங்குல வட்டத்தில், அதாவது 139.7 மில்லியில், அடுத்தடுத்த போல்ட்டுகளுக்கு நடுவே 82 மில்லி இருக்கும். ஆறு போல்ட் என்றால் நேர் எதிரே இருப்பதை அளந்தாலே போதும். நடுத்துளையின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரம்மை நடுவில் நிறுத்துவது பல வண்டிகளில் அந்தத் துளைதான்.

எல்லாம் பூட்டியதும் சக்கரத்தைக் கையால் சுற்றி, மெல்லிய உரசல் சத்தம் கேட்கும் வரை அட்ஜஸ்டரை ஏற்றி, பிறகு ஓரிரண்டு பல் இறக்குங்கள். ஆளில்லாத நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறைந்த வேகத்தில் பத்துப் பதினைந்து தடவை மெதுவாக நிறுத்திப் பார்த்துவிட்டு, இறங்கி இரண்டு பின் டிரம்முக்கும் அருகே கையை நீட்டுங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கடல்நீர் தொட்ட நாளில் மாலையே நல்ல தண்ணீரில் கழுவிவிடுவது நல்லது. தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டத்தில் இதைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்பது எனக்கும் தெரியும், ஒரு குடம் போதும்.

என் வண்டியின் நான்கு எண்களையும் டூல் பெட்டி மூடியின் உட்புறத்தில் வெள்ளை எனாமல் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, ஆக்ஸில் வேறு வண்டியுடையது என்றும் எழுதியிருக்கிறேன். போன மாதம் வண்டியைப் பார்க்க வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேட்டார்.